ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள், தம்பி

முட்டம் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் படிப்பகம் நடத்துகிற தம்பி கேட்டது இது: "டீச்சர், வருஷா வருஷம் மே மாதம் ரிசல்ட் வந்ததும் நாகர்கோவிலில் இருந்து ஒருவரை அழைத்து 'பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன' என்று கூட்டம் போடுகிறோம். கூட்டத்துக்கு நல்ல ஆள் வருகிறது. ஆனால் பிள்ளைகள் கடைசியில் போய்ச் சேருவது பக்கத்து வீட்டு அண்ணன் சேர்ந்த கோர்ஸிலும் ஏஜெண்ட் சொன்ன காலேஜிலும்தான். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிக்கிற பிள்ளைகள் சாயங்காலம் எங்களிடம் வருகிறார்கள். அவர்களைக் கல்லூரிக்கும் வேலைக்கும் ஒழுங்காகத் தயார்செய்ய நாங்கள் என்ன செய்யலாம்?"

தம்பி, கூட்டம் போடுவதில் தப்பில்லை. ஆனால் மே மாதம் அந்தப் பிள்ளை உங்கள் முன்னால் வந்து உட்காரும்போது முக்கால்வாசித் தீர்மானம் முடிந்திருக்கும். பதினொன்றில் கணிதம் எடுக்காத பிள்ளைக்கு பி.இ. கவுன்சலிங்கில் பெரும்பாலான பிரிவுகள் கிடையாது. உயிரியல் எடுக்காத பிள்ளை பி.எஸ்சி. நர்சிங்குக்கு விண்ணப்பிக்க முடியாது. மருத்துவம், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இருக்கும் 20 சதவீத முன்னுரிமைக்கு, 2020ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழியிலேயே இருந்திருக்க வேண்டும். இதையெல்லாம் ரிசல்ட் வந்தபின் மேடையில் சொன்னால் கேட்கிற பிள்ளை என்ன செய்யும்? எந்த முடிவை எந்த வகுப்பில் எடுக்கிறோம், அதனால் எது கைக்கு வரும், எது கைவிட்டுப் போகும் என்பதை அந்த முடிவுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். எனக்குத் தெரிந்தவரை வழிகாட்டல் என்றால் இதுதான். மீதி எல்லாம் இதைச் செய்வதற்கான வழிகள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதிலேயே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இங்கே சபைகளும் சங்கங்களும் நடத்துகிற அரசு உதவி பெறும் பள்ளிகள் ஏராளம். 'வாத்தியாருக்குக் கவர்மென்ட் சம்பளம், பிள்ளைக்குக் கவர்மென்ட் புத்தகம், அப்போ இதுவும் கவர்மென்ட் பள்ளிக்கூடம்தானே' என்று பெற்றோர் நம்பிக்கொண்டிருப்பார்கள். 7.5 சதவீதம் உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. ஆனால் கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தருகிற திட்டங்கள் வேறு கணக்கு. புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்தது. பிறகு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த மாணவிகளுக்கும் விரித்தார்கள். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இதற்காகப் பிள்ளையைப் பள்ளி மாற்றுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல ஆசிரியர்கள் இருக்கிற பள்ளியை விட்டு வருவது எந்தச் சலுகையாலும் ஈடாகாது. ஆனால் எட்டாம் வகுப்பு முடிந்து வேறு பள்ளிக்கு மாற்ற நினைக்கிற வீட்டிலும், பதினொன்றில் தமிழ்வழியில் இருந்து ஆங்கிலவழிக்கு மாற்ற நினைக்கிற வீட்டிலும் இதைத் தெரிந்துகொண்டு மாற்றட்டும்.

படிக்க வைப்பதில் நம்மிடம் குறை இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவில் முதலில் நின்ற மாவட்டம் இது, 91.75 சதவீதம். திருவிதாங்கூர் காலத்துப் பள்ளிகளும் மிஷன் பள்ளிகளும் போட்ட அடித்தளம், 1956ல் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்பே இருந்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893ல் இருந்து நிற்கிறது. ஆனால் பட்டம் வாங்கியபின் என்ன என்கிற இடத்தில்தான் நாம் தடுமாறுகிறோம். ஒரு தெருவில் ஒருவர் சிவில் படித்துத் துபாய் போனால் அடுத்த பத்து வருஷத்துக்கு அந்தத் தெருவில் எல்லாரும் சிவில். ஒரு வீட்டில் நர்ஸ் வந்தால் சொந்தக்காரப் பெண்பிள்ளைகள் எல்லாரும் நர்சிங். அந்தப் பிள்ளைகள் மேல் குற்றம் சொல்ல முடியாது. கண்ணால் பார்த்த வேலை அவ்வளவுதான். ஆகையால் ஒன்பதாம் வகுப்பில் முதல் காரியம், பிள்ளைகள் பார்க்கிற வேலைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது.

இதற்குப் பேச்சாளர் வேண்டாம். வேலை பார்க்கிறவர் வேண்டும். நான் வேலை பார்த்த பள்ளியில், மஸ்கட்டில் இருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு நர்ஸை ஒருநாள் மாலை வகுப்பில் உட்காரவைத்தோம். உரை எதுவும் நிகழ்த்தக் கூடாது, பிள்ளைகள் கேட்பதற்குப் பதில் மட்டும் சொன்னால் போதும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருத்தி, "அக்கா, மாசம் எத்தனை நைட் டூட்டி?" என்றாள். அதோடு மடை திறந்த மாதிரி ஆயிற்று. ஜி.என்.எம். டிப்ளமோ மூன்று வருஷம் போதுமா, பி.எஸ்சி. நாலு வருஷம் வேணுமா? அரபி படிக்கணுமா? முதல் தடவை ஒரு நோயாளி கண் முன்னால் இறந்தப்போ என்ன செஞ்சீங்க? ஏஜெண்டுக்கு எவ்வளவு குடுத்தீங்க? கடைசிக் கேள்விக்கு அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மக்களே, குடுக்கக்கூடாத காசு குடுத்தேன். நீங்க குடுக்காதீங்க" என்றார். எந்த வழிகாட்டிக் கையேட்டிலும் இல்லாத பாடம் அது. அதே கூட்டத்தில்தான் நான் பிள்ளைகளிடம், வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிற ஏஜென்சி மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றதா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதையும், தமிழக அரசுக்கே சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று இருக்கிறது என்பதையும் சொன்னேன். நர்சிங் கல்லூரியில் சேரும் முன் அது நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்கவும் சொன்னேன். அந்த அக்கா சொன்ன பிறகு சொன்னதால் அது அவர்கள் மனதில் ஏறியது.

உங்கள் ஊரிலேயே விசைப்படகு என்ஜின் பழுது பார்க்கிறவர் இருப்பார். லேப் டெக்னீஷியன், கிராம நிர்வாக அலுவலர், ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிற பெண், குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்கிறவர், தோவாளையில் இருந்து வெளியூருக்குப் பூ அனுப்புகிறவர் என்று மாதத்துக்கு ஒருவர் போதும். கூப்பிடுகிறவர் நம் பிள்ளைகளின் வீடு போன்ற வீட்டில் இருந்து வந்தவராக இருக்கட்டும். பெரிய பதவி தேவையில்லை. பேசி முடித்தபின் ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் அரைப்பக்கம் எழுத வேண்டும்: அவர் என்ன படித்தார், யார் பணம் கட்டினார்கள், காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார், அந்த வேலையில் அவருக்குப் பிடிக்காதது எது. பிடிக்காததை எழுதச் சொல்வது முக்கியம். சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டுப் படிப்பைத் தேர்ந்தெடுத்த பிள்ளைகள் இரண்டாம் வருஷத்தில் வீட்டுக்குத் திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பத்தாம் வகுப்பு. நம் பள்ளிகளில் ஒரு பழக்கம் ஊறிப்போய்விட்டது: அதிக மார்க் என்றால் உயிரியல்-கணிதம், கொஞ்சம் குறைந்தால் கம்ப்யூட்டர், இன்னும் குறைந்தால் காமர்ஸ், கடைசியில் நிற்பவருக்குத் தொழிற்பிரிவு. பிள்ளையின் நாட்டத்தை யாரும் கேட்பதில்லை. கணக்கில் தட்டுத்தடுமாறி வந்த பையனை, மொத்த மார்க் நன்றாக இருக்கிறது என்பதற்காக முதல் குரூப்பில் தள்ளுகிறார்கள். இரண்டு வருஷம் அவன் படுகிற பாடு சொல்லி முடியாது. காமர்ஸை மட்டமாக நினைக்கிறவர்களிடம் சி.ஏ. படிப்பைப் பற்றிச் சொல்லுங்கள். பன்னிரண்டு முடித்தவுடன் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதலாம், பிறகு இன்டர்மீடியட், ஒரு ஆடிட்டரிடம் இரண்டு வருஷம் ஆர்ட்டிக்கிள்ஷிப் என்கிற பயிற்சி, பிறகு ஃபைனல். கடினமான படிப்பு, ஆனால் லட்சக்கணக்கில் டொனேஷன் கேட்காத படிப்பு.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒருநாள் நாகர்கோவில் கோணத்துக்கு அழைத்துப் போங்கள். அரசு ஐ.டி.ஐ., அரசு பாலிடெக்னிக், அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி, அரசு கலை அறிவியல் கல்லூரி என்று நாலும் அந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன. முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி வாங்கி, ஒர்க்‌ஷாப்பையும் லேபையும் நின்று பார்க்கட்டும். லேத் ஓடுகிற சத்தத்தில் ஒரு பையன் முகம் மலர்ந்தால் அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பெண்பிள்ளைகளையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். எலக்ட்ரீஷியன், டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு நமக்கில்லை என்று அவர்களாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

பாலிடெக்னிக்கைப் பற்றி வீடுகளில் ஒரு தப்பெண்ணம், அது 'மார்க் இல்லாதவன் போகிற இடம்' என்று. கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பத்து முடித்து மூன்று வருஷம் டிப்ளமோ, அதன்பின் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்து மூன்று வருஷம், ஆக ஆறு. பதினொன்று, பன்னிரண்டு, அப்புறம் பி.இ. நாலு வருஷம், அதுவும் ஆறுதான். முதல் வழியில் போன பிள்ளைக்கு மூன்றாம் வருஷமே கையில் ஒரு டிப்ளமோ இருக்கும். அப்பாவுக்கு முடியாமல் போனால் வேலைக்குப் போய்விட்டுப் பிறகு தொடரலாம். கையில் காசு புரளாத வீட்டுக்கு இது பெரிய பாதுகாப்பு. ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு. அவர்களுக்கு அப்ரெண்டிஸ் பயிற்சி தருகிற நிறுவனங்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன: மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் அருமணல் ஆலை. அறிவிப்பு எப்போது வருகிறது என்று பார்க்க ஒரு ஆளைப் படிப்பகத்தில் பொறுப்பாக வையுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு வருவோம். பி.இ. கட் ஆஃப் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேட்டால் பாதிப் பெற்றோருக்குத் தெரியாது. கணிதம் நூறுக்கு, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, மொத்தம் 200. கணிதம் 90, இயற்பியல் 80, வேதியியல் 84 என்றால் 90, 40, 42 சேர்த்து 172. தமிழிலும் ஆங்கிலத்திலும் நூறு வாங்கினாலும் இதில் ஏறாது. இதைப் பதினொன்றிலேயே தெரிந்துகொண்ட பிள்ளை கணிதத்துக்குக் கூடுதல் நேரம் கொடுக்கும். போன வருஷங்களில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எந்த வகுப்பினருக்கு எந்தக் கட் ஆஃபில் இடம் முடிந்தது என்பதைக் கவுன்சலிங் தளத்திலேயே போடுகிறார்கள். அதை எடுத்துவைத்துப் பிள்ளை தானே இருபது முப்பது கல்லூரிப் பட்டியல் எழுதிப் பழகட்டும். விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம்; முதலில் போட்டதைத்தான் கணினி முதலில் பார்க்கும். மிகவும் விரும்புவதை மேலே போட்டால் கீழே இருப்பது போய்விடும் என்று பயந்து, கிடைக்கும் என்று நினைப்பதை முதலில் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் அதுதான் கிடைக்கும்.

என்ஜினீயரிங்கும் நீட்டும் மட்டுமே வாழ்க்கை என்று பேசாதீர்கள். நீட் இல்லாமல் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்தே சேர்க்கிற படிப்புகள் நிறைய: வேளாண்மை, தோட்டக்கலை, கால்நடை மருத்துவம், மீன்வளம், ஐந்தாண்டு சட்டப் படிப்பு. ஆனால் கோட்டாறு அரசு ஆயுர்வேதக் கல்லூரிக்கு நீட் வேண்டும், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியைப் போலவே. அப்புறம் ஒன்று: நம் பிள்ளைகள் வடக்கே சென்னையைத்தான் பார்க்கிறார்கள், மேற்கே திரும்புவதில்லை. மார்த்தாண்டத்தில் இருந்து மதுரைக்குப் போகிற தூரத்தை விட மிகக் குறைந்த தூரத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தில் வலியமலையில் விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும், விதுரையில் ஐசர் என்கிற அறிவியல் ஆராய்ச்சிக் கல்வி நிறுவனமும் இருக்கின்றன. முதலாவதுக்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்ட், இரண்டாவதுக்கு ஐசர் நடத்துகிற தனித் தேர்வு. அறிவியலில் உண்மையான பற்று உள்ள ஒரு பிள்ளை உங்கள் படிப்பகத்தில் இருந்தால் போதும், அதற்காகவாவது இந்தப் பெயர்களைச் சுவரில் எழுதிவையுங்கள்.

இனி சான்றிதழ்கள். இதில் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன், ஏனென்றால் படிப்பில் தேறிய பிள்ளைகள் காகிதத்தில் சறுக்குவதைப் பார்க்கச் சகிக்காது. ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று, ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால். பாஸ்போர்ட் எடுக்கும்போதும் வங்கிக் கணக்கில் உதவித்தொகை ஏறும்போதும் இது இடிக்கும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்புகிற சமயத்தில் பள்ளியில் பெற்றோரிடம் சரிபார்த்துக் கையெழுத்து வாங்குவார்கள். அந்த நேரம்தான் திருத்த எளிதான நேரம். அந்த மாதத்தில் படிப்பகத்தில் ஒருநாள் வையுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு மூன்றின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து, தேதிக்குத் தேதி ஒப்பிடட்டும். பிள்ளைகள் கையாலேயே செய்யட்டும். தப்பைக் கண்டுபிடிப்பதில் அவர்கள் நம்மைவிடக் கெட்டி.

சாதிச் சான்றிதழில் நம் மாவட்டத்துக்கென்று ஒரு நுணுக்கம் உண்டு. இது திருவிதாங்கூர் பகுதியாக இருந்ததால், அரசின் பட்டியலில் சில சமூகங்களுக்குப் பக்கத்தில் 'கன்னியாகுமரி மாவட்டம், செங்கோட்டை வட்டம்' என்று தனிக் குறிப்பு இருக்கும். அதே பெயர் வேறு மாவட்டத்தில் வேறு பிரிவில் வரும். விண்ணப்பத்தில் பட்டியல் விரியும்போது தோராயமாக ஒன்றைத் தட்டிவிடக் கூடாது. சான்றிதழில் என்ன இருக்கிறதோ அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். களியக்காவிளை, அருமனைப் பக்கத்துப் பிள்ளைகளில் சிலர் கொஞ்ச வருஷம் கேரளத்தில் படித்திருப்பார்கள். வளைகுடாவில் படித்துத் திரும்பிய பிள்ளைகளும் உண்டு. எட்டு முதல் பன்னிரண்டு வரை முழுதும் தமிழ்நாட்டில் படிக்காதவர்களுக்குப் பொறியியல் கவுன்சலிங்கில் இருப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள். வீட்டில் பட்டதாரி யாரும் இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கலாம். தொழிற்படிப்பில் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். இவை எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்குபவை. பன்னிரண்டாம் வகுப்பின் டிசம்பர் மாதமே வாங்கி வைத்துவிட்டால், மே மாதத்து நெரிசலில் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டாம்.

விண்ணப்பம் போடும்போது பிரவுசிங் சென்டர்காரர் தன் மொபைல் எண்ணையும் தன் மின்னஞ்சலையும் கொடுத்துவிடுவார். வேகமாக முடிகிறது என்று பெற்றோரும் விட்டுவிடுவார்கள். ஒதுக்கீடு வந்து, ஏற்றுக்கொள்கிறேனா மாட்டேனா என்று குறித்த நாளுக்குள் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகும். அவர் வேறு ஊரில் இருப்பார். பதினொன்றாம் வகுப்பிலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்த மின்னஞ்சல் ஒன்று தொடங்கி, கடவுச்சொல்லை நோட்டில் எழுதி, வீட்டில் மாறாத ஒரு போன் எண்ணைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். படிப்பகத்தில் ஒரு கணினியும் பிரிண்டரும் இருந்தால் விண்ணப்பத்தை அங்கேயே, பிள்ளை கையாலேயே போடலாம்.

பணத்தைப் பற்றிப் பெற்றோரிடம் தனியாகப் பேசுங்கள், பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேண்டாம். நாலு லட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்பது வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் இல்லை. பெற்றோர் கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும். வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்தால் எழுத்துப்பூர்வமான பதில் இருக்கும். ஆனால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டுக் கடனுக்கு அலையாதீர்கள். கவுன்சலிங்கில் கிடைத்த இடத்துக்குக் கடன் வாங்குவது எளிது. கடனுக்கு முன்னால் உதவித்தொகைகளைத் தேடுங்கள். எட்டாம் வகுப்பில் எழுதுகிற தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய். அரசுப் பள்ளியில் படிக்கிறவர்களுக்கு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. தேர்வாகிற 1,000 பேருக்குப் பட்டப்படிப்பு முடியும்வரை வருஷம் 10,000. அப்பா மீனவர் நலவாரியத்திலோ கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்திலோ உறுப்பினர் என்றால் பிள்ளையின் படிப்புக்கு உதவி உண்டு. நம் ஊர்களில் அட்டை இருக்கும், புதுப்பித்திருக்க மாட்டார்கள். அதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் ஊர் கடற்கரை ஊர் என்பதால் கடலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30ல் ஒக்கிப் புயல் அடித்தபின் 'என் பிள்ளை கடலுக்குப் போகக் கூடாது' என்று சொல்லாத தாய் உண்டா? அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கடலை அறிந்த பிள்ளைக்குக் கடல் சார்ந்த படிப்பில் மற்றவர்களுக்கு இல்லாத அறிவு இருக்கிறது. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. நாலு வருஷப் பட்டம், மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. கொச்சியில் மத்திய அரசின் சிஃப்நெட் நிறுவனம் மீன்பிடிக் கப்பல் இயக்குவதற்கான பயிற்சி தருகிறது. வணிகக் கப்பலில் அதிகாரியாகப் போக வேண்டுமென்றால் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இயற்பியல், வேதியியல், கணிதத்தில் 60 சதவீதமும் ஆங்கிலத்தில் 50 சதவீதமும் வேண்டும். இந்த ஆசை உள்ள பையன்களுக்குப் பத்தாம் வகுப்பிலேயே கண் டாக்டரிடம் நிறப்பார்வைச் சோதனை செய்துவிடுங்கள். நிறக்குருடு இருந்தால் கப்பலின் மேல்தள வேலைக்கு எடுக்க மாட்டார்கள். இரண்டு மூன்று வருஷம் கனவு கண்டு, பணம் கட்டி, மருத்துவச் சோதனையில் திரும்பி வருவதைவிட முன்னாலேயே தெரிந்துகொண்டு வேறு வழி பார்ப்பது நல்லது.

'ஆறு மாசம் கோர்ஸ், உடனே கப்பல்' என்று சொல்லி வருகிற ஏஜெண்டுகள் நம் கடற்கரையில் எத்தனை குடும்பத்தின் நகையை விழுங்கியிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். மூன்று கேள்விகளைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யக் கொடுங்கள். பயிற்சி நிறுவனம் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா? ஆள் எடுக்கிற நிறுவனத்துக்கு, கப்பலுக்கு ஆள் சேர்க்க அரசு தருகிற ஆர்.பி.எஸ்.எல். உரிம எண் இருக்கிறதா? வேலைக்குச் சேர்க்கப் பணம் கேட்கிறார்களா? கப்பல் வேலை வாங்கித்தரக் கப்பல் ஊழியரிடம் பணம் வாங்கக் கூடாது என்பது விதி. மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

ஆங்கிலப் பேச்சு, கணினி என்றெல்லாம் எல்லாரும் சொல்வார்கள். நானும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தினம் பத்து நிமிஷம் ஒரு பிள்ளை எழுந்து நின்று ஆங்கிலத்தில் அன்றைய செய்தி ஒன்றைச் சொல்லட்டும், தப்பைத் திருத்தாமல் கேளுங்கள். விடுமுறையில் டைப்ரைட்டிங் கற்றுத் தமிழும் ஆங்கிலமும் சீனியர் கிரேடு முடித்த பிள்ளைக்கு டி.என்.பி.எஸ்.சி. தட்டச்சர் பணிக்குப் போட்டியிடத் தகுதி வந்துவிடும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு நடக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் முதல்வன் திட்டத்தில் உயர்கல்வி வழிகாட்டல் இருக்கிறது. அதற்குப் பொறுப்பான ஆசிரியர் யார் என்று விசாரித்து அவரோடு சேர்ந்து வேலை செய்யுங்கள்; தனியாக ஓட வேண்டாம்.

கடைசியாக, உங்கள் கேள்வியில் இல்லாத பிள்ளைகளைப் பற்றி. ரிசல்ட் வந்த அன்று தேறியவர்களுக்கு லட்டு கொடுத்துக்கொண்டிருப்போம். ஒரு பாடத்தில் போனவன் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருப்பான். அடுத்த வாரம் யாராவது மாமா அவனைக் கேரளத்துக்குக் கட்டட வேலைக்கோ மீன்பிடிக்கோ கூட்டிப் போய்விடுவார், அதோடு படிப்பு முடிந்தது. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் அதே கோடையில் துணைத்தேர்வு நடக்கிறது. அதில் தேறினால் அந்த வருஷமே சேர்ந்துவிடலாம். பொறியியலுக்குக்கூடத் துணைத்தேர்வில் தேறியவர்களுக்கென்று தனிக் கவுன்சலிங் உண்டு. விண்ணப்பிக்கக் கொடுக்கிற நாட்கள் மிகக் குறைவு. எனவே ரிசல்ட் அன்று மாலையே, நீங்களும் அவனுக்குப் பிடித்த ஆசிரியர் ஒருவரும் அந்த வீட்டுக்குப் போங்கள். அன்றைக்கு மார்க்கைப் பற்றிப் பேச வேண்டாம். சாப்பிட்டானா என்று பாருங்கள். மனம் மிகவும் உடைந்திருந்தால் பள்ளிக் கல்வித்துறையின் 14417 எண்ணுக்கு அழைத்துப் பேசவையுங்கள். மறுநாள் பள்ளியில் துணைத்தேர்வு விண்ணப்பம், விடைத்தாள் நகல் வேண்டுமென்றால் அதற்கான விண்ணப்பம், இரண்டையும் கூடவே நின்று போட்டுக்கொடுங்கள். அந்த ஒரு பாடத்துக்குப் படிப்பகத்தில் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, கல்லூரியில் படிக்கிற உங்கள் ஊர் அண்ணன், அக்காமாரில் ஒருவரை ஏப்ரலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.